கியரைக் குறைத்தால் கரகரப்பு, ஏற்றத்தில் தீய்ந்த வாடை: கிளட்ச் கோளாறை அறிகுறி வழியாகப் பிடிப்பது

மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பவனுக்கு ஏப்ரல், மே இரண்டு மாதமும் கிளட்ச் வேலைதான். சீசன் நாட்களில் ஊட்டிக்கு ஏறுகிற வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்குகிற வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸ் திருப்பி விடும். ஏறிப் போன வண்டிகளில் சில, பர்லியாறு பக்கத்திலேயே புகையோடு ஓரங்கட்டி நிற்கும். இறங்கி வந்தவற்றில் சில "கியரே விழமாட்டேங்குதுங்ண்ணா" என்று நேராகப் பட்டறைக்கு வரும். வருகிறவர்களில் பலரிடம் வழியில் யாரோ ஒருவர் ஏற்கெனவே "கிளட்ச் பிளேட் போச்சு" என்று தீர்ப்பு எழுதி அனுப்பியிருப்பார்.

பிளேட் மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். பாகத்துக்கும் காசு, இறக்கி ஏற்றும் கூலிக்கும் காசு. ஆகவே அதற்கு முன்னால் பத்து நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடுவது நல்லது. நான் பார்க்கும் வரிசை இது: ஓட்டுகிறவரின் கால், அப்புறம் பெடலுக்கு அடியில் கிடக்கும் மேட், அப்புறம் கேபிள் அல்லது கிளட்ச் ஆயில், அப்புறம் கியர் லிங்கேஜ் (லிவரையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற கம்பியும் கேபிளும்). கியர் பாக்ஸ் கடைசியில்தான்.

## எதற்கும் முன்னால் மூன்று சோதனை

ஒன்று, இன்ஜினை நிறுத்திவிட்டு. சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, எல்லா கியரையும் ஒருமுறை போட்டு எடுங்கள். அப்போதே இறுக்கமாக இருந்தால் தகராறு லிங்கேஜிலோ கியர் பாக்ஸிலோ இருக்கிறது. கிளட்ச் மேல் பழி போட வேண்டாம்.

இரண்டு, இன்ஜின் ஓடும்போது. நியூட்ரலில் வைத்து, கிளட்சை முழுக்க மிதித்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பிறகு ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது கியர் சேரும் முன் இரண்டு பக்கச் சுழற்சியையும் சமன் செய்கிற வளையம், கிடையாது. அதனால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்றால் அங்கேதான் முதலில் கத்தும். கரகரவென்று கத்தினால் கிளட்ச் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம்.

மூன்று, ஓட்டிப் பார்த்து. ஆள் நடமாட்டமில்லாத நேர் ரோட்டில் 40 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் போய்க்கொண்டே ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். வேகமும் ஆர்பிஎம் முள்ளும் சேர்ந்து ஏற வேண்டும். முள் மட்டும் துள்ளி ஏறி, வண்டி பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது.

இந்த மூன்றில் எது தப்பாக வருகிறதோ, அதற்குரிய தலைப்புக்குப் போங்கள். மூன்றும் சரியாக வந்து, கியர் குறைக்கும்போது மட்டும் தொல்லை என்றால் இதோ அடுத்ததுதான் உங்களுடையது.

## கியரைக் குறைக்கும்போது மட்டும் கரகரக்கிறது

### முதல் கியருக்கு வரும்போது மட்டும்

வண்டி 20 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியர் விழவில்லை என்றால் அது கோளாறே இல்லை. அந்த வேகத்துக்கு முதல் கியர் கிடையாது. பல்லும் பல்லும் சேர மறுப்பது உங்களைக் காப்பாற்றத்தான். முதல் கியர் என்பது நின்ற வண்டியைக் கிளப்பவும், கொண்டை ஊசி வளைவில் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டபோதும் மட்டுமே. வலுக்கட்டாயமாகத் தள்ளாதீர்கள்.

### இரண்டாவதுக்கு வரும்போது மட்டும்

பட்டறைக்கு வருகிற கரகரப்பில் அதிகம் இதுதான். மலைப்பாதையில் அதிகம் உழைக்கிற கியர் இரண்டாவதுதான், முதலில் தேய்வதும் அதன் சிங்க்ரோதான்.

முதலில் காலைப் பாருங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி வைத்துக்கொண்டு நுனிக்காலால் மிதிக்கிறவர்கள் உண்டு. கிளட்ச் முக்கால்வாசிதான் போகும், அவர்களுக்கு முழுக்க மிதித்த நினைப்பு இருக்கும். பெடலை அடி வரை மிதித்தபோதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். சீட்டை இரண்டு பல் முன்னால் இழுத்ததும் கரகரப்பு நின்றுபோன வண்டிகள் உண்டு.

அடுத்தது அவசரம். மூன்றாவதிலிருந்து எடுத்து, நியூட்ரலில் ஒரு நொடிகூட நிற்காமல் இரண்டாவதுக்கு அறைகிறவர்களுக்கு சிங்க்ரோ சமன் செய்ய நேரமே கிடைப்பதில்லை. லிவரைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி, லேசாக அழுத்திப் பிடியுங்கள். அதுவாக உள்ளே போகும். உள்ளங்கையால் குத்தாதீர்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் கரகரப்பு இருந்தால் டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள். பழைய லாரி ஓட்டியவர்களிடம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுங்கள், கிளட்சை விடுங்கள், ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டுங்கள், மறுபடி மிதித்து இரண்டாவது போடுங்கள். இப்படிப் போட்டால் வெண்ணெயாக விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் கத்துகிறது என்றால் இரண்டாவது கியரின் சிங்க்ரோ தேய்ந்துவிட்டது. கிளட்ச் பிளேட் மாற்றினால் இது சரியாகாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கிளட்ச் செட் மாற்றி, பழைய சத்தத்தோடு திரும்பிப் போன வண்டிகள் நிறைய.

சிங்க்ரோ வேலை என்றால் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் கியர் ஆயிலைப் பாருங்கள். அளவு குறைந்திருக்கிறதா, கடைசியாக எப்போது மாற்றியது, என்ன ஆயில் ஊற்றியது? கையேட்டில் ஜிஎல்-4 (கியர் ஆயிலின் ஒரு தரவகை) என்று போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள். "இது இன்னும் ஒசத்தி" என்று ஜிஎல்-5 ஊற்றிவிட்டுப் போகிற கடைகள் இருக்கின்றன. சிங்க்ரோ வளையங்கள் பல வண்டிகளில் பித்தளை வகை உலோகம். அந்த உலோகத்துக்கு எல்லா ஜிஎல்-5 ஆயிலும் ஒத்துக்கொள்ளாது. கெட்டித்தன்மையும் கையேட்டில் சொன்னபடியே இருக்க வேண்டும். ஆயில் மாற்றியதிலேயே பாதி சத்தம் அடங்கினால், டபுள் கிளட்ச் போட்டுக்கொண்டே இன்னும் பல மாதம் ஓட்டலாம். கியர் பாக்ஸ் வேலைக்கு அவசரமில்லை.

ஆயில் வடித்தபோது காந்த நட்டில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை. கையில் குத்துகிற துண்டுகள் வந்தால் அந்த வண்டியை நம்பி மலையேறாதீர்கள்.

### காலையில் மட்டும், அப்புறம் சரியாகிவிடுகிறது

ஊட்டியில் ராத்திரி வெளியே நின்ற வண்டி என்றால் விட்டுவிடுங்கள். குளிரில் கியர் ஆயில் கெட்டியாகியிருக்கும், இரண்டு மூன்று கிலோமீட்டரில் இளகிவிடும். மே மாத வெயிலில் கோயம்புத்தூரிலும் இப்படியே என்றால் மேலே சொன்ன ஆயில் சோதனைக்குப் போங்கள்.

### எல்லா கியரிலும்

கிளட்ச் விடுபடவில்லை. "கியர் விழவே மாட்டேன் என்கிறது" என்ற தலைப்புக்குப் போங்கள்.

## கியரைக் குறைத்ததும் வண்டி உலுக்குகிறது

சத்தமில்லாமல் கியர் விழுகிறது, ஆனால் கிளட்சை விட்டதும் எல்லோர் தலையும் முன்னால் போய்வருகிறது. இதில் அநேகமாக வண்டிக்குக் குற்றமில்லை.

மூன்றாவதில் 2,000 ஆர்பிஎம்மில் ஓடுகிற சின்ன பெட்ரோல் கார், அதே வேகத்தில் இரண்டாவதில் ஏறக்குறைய 3,000-த்தில் ஓட வேண்டும். நீங்கள் கிளட்சை மிதித்ததும் இன்ஜின் 1,000-த்துக்கு இறங்கிவிடுகிறது. அப்படியே கிளட்சை விட்டால், மீதி 2,000 சுற்றை ஏற்றுகிற வேலை கிளட்ச் பிளேட்டின் தலையில் விழுகிறது. உலுக்கல் அதுதான். ஒவ்வொரு முறையும் பிளேட் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது.

இதற்கு மருந்து, கியரைப் போட்டபின் கிளட்சை விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டுவது. முள் 3,000 பக்கம் வரும்போது கிளட்சை விட்டால் வண்டிக்கே தெரியாது. பழக்கம் இல்லாதவர்கள் முதலில் காலியான சமதள ரோட்டில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மட்டும் பழகுங்கள். அது வரவில்லையென்றால் சுலபமான வழி, பிரேக் போட்டு வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு, பிறகு கியரைக் குறைத்து, கிளட்சை மெதுவாக விடுவது. பிரேக் கட்டை விலை கம்மி, கிளட்ச் பிளேட் விலை ஜாஸ்தி. வேகம் குறைக்க பிரேக்தான், குறைத்த வேகத்தைப் பிடித்து வைக்கத்தான் கியர்.

சின்ன கார்களுக்குத் தோராயமாக: இரண்டாவது 15 முதல் 35 கி.மீ., மூன்றாவது 30 முதல் 50, நான்காவது 45 முதல் 65. டீசல் வண்டி என்றால் கொஞ்சம் கீழேயே மாற்றலாம். ஏறுமுகத்தில் இந்த வேகக் கணக்கைப் பார்க்காமல் இன்ஜினைக் கேளுங்கள். முக்கி முனக ஆரம்பித்துவிட்டால் நீங்கள் ஏற்கெனவே தாமதம்.

கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது, ஸ்டியரிங்கைத் திருப்புவதற்கு முன்பே கியரைக் குறைத்து, கிளட்சை முழுக்க விட்டிருக்க வேண்டும். பாதி வளைவில் கிளட்சை மிதித்தால் இழுவை போய், வண்டி நின்று, பின்னால் உருளப் பார்க்கும். அப்புறம் அரை கிளட்சில் தொங்கி, தீய்ந்த வாடையோடுதான் மேலே வருவீர்கள்.

மழை ரோட்டில் இன்னும் கவனம். ஓம்னி, பொலேரோ, இன்னோவா மாதிரி பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகளில் வேகத்தோடு கியரைக் குறைத்துக் கிளட்சைப் பட்டென்று விட்டால், பின்சக்கரம் ஒரு கணம் பிடித்துக்கொண்டு வால் பக்கம் வழுக்கும். கோத்தகிரி இறக்கத்தில் பனிமூட்டத்தோடு இது நடந்தால் தடுப்புச்சுவர்தான் நிறுத்தும்.

இன்னொன்று, லிவரைத் தப்பான வாசலில் தள்ளுவது. 100 கி.மீ. வேகத்தில் ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு வர நினைத்து இரண்டாவதில் போட்டுக் கிளட்சை விட்டால், இன்ஜின் 7,000-த்தைத் தாண்டிச் சுழலும். அதிவேகத்தில் பெட்ரோலை நிறுத்துகிற கட்டுப்பாடு அதைத் தடுக்காது, ஏனென்றால் இன்ஜினைச் சுற்றுவது சக்கரம். வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும் வரை போகலாம். அப்படி ஆகி, அதன்பின் இன்ஜினில் டக்டக் சத்தமோ இழுவைக் குறைவோ இருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் தூக்கி வாருங்கள்.

ஆக்சிலரேட்டர் தட்டியும் உலுக்கல் போகவில்லை, கூடவே "டொக்" என்று ஒரு அடி கேட்கிறது என்றால் இன்ஜின் மவுன்ட்டை, அதாவது இன்ஜினைத் தாங்குகிற ரப்பர் பிடிப்பை, பாருங்கள். பானெட்டைத் திறந்து, ஒருவர் பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்சை லேசாகத் தொட்டு விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. இன்ஜின் எழும்பிக் குதித்தால் மவுன்ட் ரப்பர் கிழிந்திருக்கிறது. கிளட்ச் செட்டோடு ஒப்பிட்டால் சின்ன செலவு.

## இறக்கத்தில் கியர் தானாகக் கழன்றுவிடுகிறது

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் லிவர் நியூட்ரலுக்குக் குதிக்கிறது. இறக்கத்தில் இது ஆபத்து, உடனே பார்க்க வேண்டியது.

முதலில் லிவரின் மேல் கையை வைத்துக்கொண்டே ஓட்டுகிற பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கையின் கனம் உள்ளே கியரை நகர்த்துகிற செலக்டர் ஃபோர்க்கைத் தேய்க்கும். அடுத்தது லிங்கேஜ் புஷ் (அதன் மூட்டுகளில் உள்ள சின்ன வளையம்), கியர் கேபிள் அட்ஜஸ்ட்மென்ட். இவை தளர்ந்தால் கியர் முழுதாக உட்காராமல் விளிம்பில் நிற்கும். அப்புறம் இன்ஜின் மவுன்ட். இந்த மூன்றும் சரியாக இருந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. கியர் பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அதுவரை மலைப்பாதை வேண்டாம்.

நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று வேண்டுமென்றே கழற்றிவிட்டு இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் போவது நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குக் குடிக்கிறது. மிச்சம் பிடிப்பதாக நினைத்து பிரேக் கட்டையை எரிக்கிறீர்கள். ஏற எந்த கியர் வேண்டியிருந்ததோ, இறங்கவும் அதே கியர்.

## தீய்ந்த வாடை வருகிறது

ஏறும்போது வந்தால் கிளட்ச். இறங்கும்போது வந்தால் அநேகமாக பிரேக். இந்த ஒன்றை வைத்தே பாதி விஷயம் முடிந்துவிடும். இறக்கத்தில் வாடை வந்து "கிளட்ச் எரியுது" என்று போன் செய்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, ஓரமாக நிறுத்துங்கள், சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள் என்பதுதான். சூடான டிஸ்க் மேல் தண்ணீர் பட்டால் கோணிக்கொள்ளும், விரிசலும் விடலாம். அரை மணி நேரம் ஆறவிட்டு, இரண்டாவது கியரில் இறங்குங்கள். பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் இறங்கவே வேண்டாம்.

ஏற்றத்தில் என்றால்:

ஒரே ஒரு தடவை, டிராபிக்கில் தொங்கிய பிறகு வந்த வாடையா? ஹேண்ட் பிரேக் போட்டு, இருபது நிமிடம் ஆறவிடுங்கள். ஆறிய பிறகு மூன்றாவது சோதனையைச் செய்யுங்கள். வழுக்கவில்லை என்றால் பிளேட் பிழைத்துக்கொண்டது. அதற்காகவே மாற்ற வேண்டியதில்லை.

அடிக்கடி வருகிறதென்றால் ஏற்றத்தில் எப்படி நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பிரேக்கோ ஹேண்ட் பிரேக்கோ போடாமல், அரை கிளட்சிலேயே வண்டியைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து நில்லுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கிற இடம் வந்து முன்பக்கம் லேசாக அழுந்தியதும் ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். இறங்குகிறவர்களுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமே அப்படித்தான். நீங்கள் ஒதுங்கி நின்றால் அவர் கிளட்ச் தப்பிக்கும்.

## ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

வழுக்கல். செலவு குறைந்ததிலிருந்து பார்க்கலாம்.

பெடலில் கால். ஓட்டும்போது இடது கால் பெடலின் மேலேயே ஓய்வெடுக்கிறதா? அந்த லேசான அழுத்தமே, மிதிக்கும்போது கிளட்சைத் தள்ளி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங்கையும் பிளேட்டையும் தின்றுவிடும். காலைக் கீழே வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஃப்ரீ பிளே. மாருதி 800, ஆல்டோ மாதிரி கேபிள் கிளட்ச் வண்டிகளில், பெடலைக் கையால் அழுத்தினால் ஆரம்பத்தில் ஒன்று ஒன்றரை சென்டிமீட்டர் சும்மா போய், பிறகுதான் கனம் தெரிய வேண்டும். சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய இந்த இடைவெளி குறையும். அறவே இல்லையென்றால் கிளட்ச் எப்போதும் அரைகுறையாக மிதிபட்டே இருக்கிறது. கியர் பாக்ஸ் பக்கம் உள்ள நட்டைத் திருப்பினால் சரி. வீட்டிலேயே செய்யலாம். இதற்குப் போய் பிளேட் மாற்றுவது அநியாயம்.

ஆயில் கசிவு. இன்ஜினும் கியர் பாக்ஸும் சேருகிற இடத்தின் அடியில் ஈரம் இருந்தால், கிராங்க் பின்பக்க ஆயில் சீலோ கியர் பாக்ஸ் இன்புட் சீலோ கசிந்து பிளேட்டை நனைத்திருக்கலாம். எண்ணெய் குடித்த பிளேட்டைக் கழுவிப் பயனில்லை.

தேய்ந்த பிளேட். கிளட்ச் மிகவும் மேலே வந்தபிறகுதான் பிடிக்கிறது, பெடல் முன்பைவிடக் கனக்கிறது, டாப் கியரில் மேம்பாலம் ஏறும்போது வழுக்குகிறது. எல்லாம் சேர்ந்தால் செட் மாற்றும் காலம். எத்தனை கிலோமீட்டர் வரும் என்று கேட்பார்கள். ஒரே மாடலில் ஒருவருக்கு 40,000-த்தில் போகும், இன்னொருவர் ஒரு லட்சத்தைத் தாண்டியும் ஓட்டுவார்.

ஹேண்ட் பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு, இன்ஜின் அணைகிறதா என்று பார்க்கிற சோதனையும் உண்டு. அணைந்தால் நல்லது. ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், சோதனையே பிளேட்டைச் சுட்டுவிடும்.

## கியர் விழவே மாட்டேன் என்கிறது

இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லா கியரும் விழுகிறது, ஓடும்போது விழவில்லை. கிளட்ச் விடுபடாத அறிகுறி இது.

மேட்டை எடுத்து வெளியே போடுங்கள். சிரிக்காதீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மேட், அதன்மேல் உருண்டு வந்த தண்ணீர் பாட்டில், இதனால் பெடல் அடி வரை போகாமல் நின்ற வண்டியைப் பட்டறைக்கு இழுத்தே வந்திருக்கிறார்கள்.

கேபிள் வண்டி. ஃப்ரீ பிளே அதிகமாகிவிட்டதா பாருங்கள். கேபிளின் இழைகள் நுனியில் பிரிந்திருந்தால் இன்றோ நாளையோ அறுந்துவிடும். புதுக் கேபிள் சில நூறு ரூபாயில் முடிகிற சமாச்சாரம்.

ஹைட்ராலிக் வண்டி (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் கிளட்ச் இயங்குவது). ஆயில் டப்பாவைப் பாருங்கள். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. அளவு குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. உள்ளே பெடலுக்கு மேல் கைவிட்டுத் தடவினால் ஈரம் தெரிந்தால், ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர். கியர் பாக்ஸ் பக்கம் ஈரம் என்றால், அந்த அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளுகிற ஸ்லேவ் சிலிண்டர். மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருக்கும், அதை மட்டுமே ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டால் ரப்பர் சீல் எல்லாம் ஊதிக்கொண்டு, பிரேக்கும் சேர்ந்து போகும். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

அளவு சரி, கசிவும் இல்லை. பெடலைப் படபடவென்று நாலைந்து முறை மிதித்தபின் கியர் விழுகிறதா? லைனில் காற்று இருக்கிறது, அல்லது மாஸ்டர் சீல் உள்ளுக்குள்ளேயே விடுகிறது. ஏர் எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் நிப்பிளை (காற்று வெளியேறுகிற திருகு) திறந்து மூட வேண்டும். நிப்பிளை மூடியபிறகே பெடலை விட வேண்டும். ஏர் எடுத்தும் இரண்டு நாளில் திரும்ப வந்தால் சிலிண்டர் மாற்ற வேண்டியதுதான். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் கியர் பாக்ஸுக்கு உள்ளேயே பேரிங்கோடு சேர்ந்து இருக்கும். அப்படியென்றால் இறக்கும் வேலை, செட்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி. 2015-லும் 2023-லும் சென்னையில் நின்றதுபோலப் பல நாள் தண்ணீரில் நின்றால், பிளேட், இன்ஜினோடு சுழலும் சக்கரமான ஃப்ளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். பெடல் நன்றாக வேலை செய்யும், கியர் மட்டும் விழாது. இன்ஜினுக்குள் தண்ணீர் இல்லை என்று மெக்கானிக் உறுதி சொல்லும்வரை சாவியையே தொடாதீர்கள். அதன்பிறகு, எதிரே யாருமில்லாத மைதானத்தில், இன்ஜினைச் சூடாக்கி அணைத்து, இரண்டாவது கியர் போட்டு, கிளட்சை முழுக்க மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி உடனே நகரும், தயாராக இருங்கள். மிதித்த கிளட்சை விடாமல் ஆக்சிலரேட்டரை அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் விட்டுவிடும். இரண்டு மூன்று தடவையில் விடவில்லையென்றால் இறக்கித்தான் ஆக வேண்டும்.

இன்ஜின் அணைந்திருந்தும் விழவில்லை என்றால் கியர் கேபிள், லிங்கேஜ் புஷ். லிவர் கொழகொழவென்று ஆடுகிறதா பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் புஷ் உடைந்ததற்குக் கியர் பாக்ஸை இறக்கச் சொன்ன கதையும் உண்டு.

## பெடல் கீழேயே கிடக்கிறது

கேபிள் அறுந்தது, அல்லது ஹைட்ராலிக் ஆயில் மொத்தமும் போனது. நடு ரோட்டில் நடந்தால், ஆபத்தான இடத்திலிருந்து விலக மட்டும் ஒரு வழி உண்டு. இன்ஜினை அணைத்து, முதல் கியர் போட்டு, அப்படியே ஸ்டார்ட்டரை அடித்தால் வண்டி இழுத்துக்கொண்டு கிளம்பும். ஓரத்துக்குப் போனதும் பிரேக் அடித்து அணைத்துவிடுங்கள். ஒரே டப்பா உள்ள வண்டியில் கிளட்ச் ஆயில் காலியானால் பிரேக் பெடலையும் அழுத்திப் பார்க்காமல் நகர்த்தாதீர்கள். மேற்கொண்டு ஓட்டிக்கொண்டு போக நினைக்காமல் இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

## சத்தம் மட்டும் வருகிறது

நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, கிளட்சை மிதித்து மிதித்து விடுங்கள்.

மிதிக்கும்போது கீச்சென்றோ உர்ரென்றோ வந்து, விட்டால் நின்றால் ரிலீஸ் பேரிங். உடனே நின்றுவிடாது, ஆனால் தள்ளிப்போட்டால், பிளேட்டை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங்கான டயஃப்ரத்தின் விரல்களையும் அரைக்கும். மிதித்தால் நின்று, விட்டால் வந்தால் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங். முதலில் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். டூயல் மாஸ் ஃப்ளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு அடுக்கு ஃப்ளைவீல்) உள்ள டீசல் வண்டிகளில் அணைக்கும்போது கடகடவென்று உலுக்கிச் சத்தம் வந்தால் அந்த ஃப்ளைவீலே சந்தேகம். அது பல ஆயிரங்கள் போகிற செலவு. ஆகவே இரண்டாவது ஆளிடம் காட்டாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## கிளம்பும்போது நடுங்குகிறது

மலையிறங்கி வந்த வண்டிகளில் அதிகம். அதிகச் சூட்டில் ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் விழுந்து, பிளேட் சீராகப் பிடிக்காது. முதலில் இன்ஜின் மவுன்ட், பிறகு ஆயில் கசிவு. இரண்டும் இல்லையென்றால் இறக்கிப் பார்ப்பதுதான் வழி.

## கியர் பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமென்றால்

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பிளேட் மட்டும் மாற்றி ஆறு மாதத்தில் பேரிங் கத்தினால் அதே கூலியைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஃப்ளைவீல் முகத்தைப் பார்த்து, தேவையென்றால் லேத்தில் கொடுத்து முகம் எடுக்கச் சொல்லுங்கள். டூயல் மாஸ் வகைக்கு அது பொருந்தாது. கிராங்க் சீலையும் இன்புட் சீலையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கேபிள் பழசு என்றால் அதையும்.

கழற்றிய பாகங்களை வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்த பிளேட் என்றால் நியாயமான வேலை. வரிப்பள்ளம் ஆழமாக இருக்கிற, வாடை இல்லாத பிளேட்டை உங்கள் கையில் கொடுத்தால், ஏன் மாற்றினீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. புதுப் பாகத்தின் அட்டைப்பெட்டியையும் கேட்டு வாங்குங்கள், வேலியோ, லக், எக்ஸெடி பெயரில் போலிகளும் சந்தையில் சுற்றுகின்றன.

புது செட் போட்டதும் முதல் 500 கி.மீ. வரை மலையேற்றம், ஐந்தாறு பேர் பாரம், சிக்னலில் சீறிக் கிளம்புவது எதுவும் வேண்டாம். பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டாவது, மூன்றாவது சோதனைகளை மறுபடி ஒருமுறை செய்து பார்த்துவிட்டே பில்லுக்குப் பணம் கொடுங்கள்.